‘ஏனூ ஆகல்ல’

கடந்த டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியலுக்கு முன்பே பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் புறப்பட்டோம். எனக்கு அங்கே இரண்டு நாள் களப்பணி. ஆய்வில் எனக்கு மூத்தவரான அண்ணன் ஒருவர் தம் அம்மாவை ஊரில் விடச் சென்றதால், அவருடைய காரிலேயே நானும் ஏறிக்கொண்டேன். சில்க் போர்டு அருகே மேலேறி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும் மேம்பாலச் சாலையில் பாதி தூரம் கடந்தபோது, காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அடுத்த நிமிடமே வண்டி இடப்பக்கமாக இழுத்தது. பின்னாலிருந்து தடதடவென்று ஓசை. 2010-இல் திறக்கப்பட்ட அந்தச் சாலை ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளமுடையது. நாங்கள் இருந்த இடத்தில் ஒதுங்கி நிற்க வழியில்லை. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. விளக்குகளை மினுக்கவிட்டபடி மெதுவாக ஊர்ந்து, நான்கு கிலோமீட்டர் கடந்து கீழே இறங்கினோம். காற்று முழுவதும் போய்விட்டிருந்தது.

அந்தக் காருக்கு ஸ்டெப்னி கிடையாது. வாங்கும்போதே அதற்குப் பதிலாக ஒரு சிறு காற்றடிக்கும் கருவியும் ஓட்டையை அடைக்கும் திரவக் குப்பியும்தான் கொடுத்திருந்தார்கள். நல்லவேளையாக, அவற்றை எடுக்கும் முன்பே ஒரு பஞ்சர் கடை கண்ணில் பட்டது. கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றி, ஆணியைப் பிடுங்கி, பசை தோய்ந்த ரப்பர் திரியை ஊசியால் குத்தி இறக்கி, 33 பவுண்டு காற்றை நிரப்பினார். சோப்புத் தண்ணீரைத் தடவிக் காட்டினார், குமிழி எழவில்லை. எல்லாம் பத்து நிமிடம். “சேலம் வரை போகலாமா?” என்று அண்ணன் கேட்டார். “ஏனூ ஆகல்ல சார், ஹோகி” என்றார் அவர். ஒன்றும் ஆகாது, போங்கள்.

நான், “கழற்றி உள்ளே பார்த்துவிடலாமா?” என்று கேட்டேன். கடைக்காரருக்கு அது தேவையற்ற வேலையாகத் தோன்றியது. அண்ணனுக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது. “காத்துதான் நிக்குதேப்பா, இன்னும் என்ன பாக்கணும்?” என்றார். பின்னிருக்கையில் இருந்த அம்மாதான், “புள்ள கேக்குதுல்ல, பாத்துட்டுத்தான் போயேன்டா” என்று முடித்துவைத்தார். 

கடைக்காரர் மனமில்லாமல் சக்கரத்தை இறக்கி, டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்துச் சாய்த்தார். ஒரு கைப்பிடி அளவுக்குக் கறுப்புத் துகள்கள் தரையில் கொட்டின, அரைத்த மிளகைப் போல. பக்கச்சுவரின் உட்புறத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் முழுச்சுற்றும் தேய்ந்து சொரசொரத்துப் போயிருந்தது. ஓரிடத்தில் நூலிழை தெரிந்தது. வெளிப்புறத்தில் நாங்கள் கண்டது ஒரு மங்கலான கோடு மட்டுமே. கடைக்காரர் அந்த வளையத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் “ஆகிதெ” என்றார். ஆகியிருக்கிறது.

மொழியியல் பயின்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபத்து நீங்கியதும் வினைமுற்றைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். கன்னடத்தில் ‘ஆகல்ல’ என்றால் ஆகாது. ‘ஆகில்ல’ என்றால் ஆகவில்லை. பேச்சில் ஒரே ஓர் உயிரின் வேறுபாடு. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகையான கூற்றுகள். ‘ஆகவில்லை’ என்பது நடந்ததைப் பற்றிய அறிக்கை. அதைச் சொல்ல ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பொய்யென்று காட்டவும் முடியும். ‘ஆகாது’ என்பது இனி வருவதைப் பற்றிய வாக்குறுதி. அதைச் சொல்ல எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. நம் சாலையோரங்களில் டயரைப் பற்றிய தீர்ப்புகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. காற்றிறங்கிய நிலையில் ஓடிய டயர் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு ‘ஆகாது’ என்பது விடையே அன்று. பார்த்தபின் சொல்லப்படும் ‘ஆகவில்லை’ மட்டுமே விடை. இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

ஏன் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விளக்குகிறேன். வண்டியின் எடையை ரப்பர் தாங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. டயரின் உடல், அந்தக் காற்றை அடக்கிவைக்கும் பை. ரப்பருக்குள் நூலிழைகளும், தரைதொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டைகளும் பதித்த பை. காற்று போனதும், தாங்குவதற்கென்று வடிவமைக்கப்படாத பக்கச்சுவர் அந்த எடையின் கீழ் மடிகிறது. சக்கரம் ஒருமுறை சுழலும்போது பக்கச்சுவரின் ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. சாதாரணக் காரின் டயர் சுற்றளவு இரண்டு மீட்டரை ஒட்டியது. ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு மடிப்புகள். எங்கள் நான்கு கிலோமீட்டரில் இரண்டாயிரம். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பவர் செய்வதையே சக்கரம் செய்கிறது.

அதோடு வெப்பம். மடிந்து நிமிரும் ரப்பர் வாங்கிய ஆற்றலை முழுவதும் திருப்பித் தருவதில்லை, மிச்சம் சூடாகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் அந்தச் சூடு சுவருக்குள்ளேயே தங்குகிறது. நூலிழையின் வலிமையும், இழைக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பும் குறைகின்றன. மூன்றாவது, உராய்வு. மடிந்த சுவரின் உட்பக்கங்கள் ஒன்றோடொன்று தேய்கின்றன. ரிம்மின் விளிம்புக்கும் சாலைக்கும் நடுவே சுவர் நசுங்குகிறது. டியூப்லெஸ் டயரில் காற்றை அடக்கி வைப்பது உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் உறை. அது அரைபட்டு உதிர்வதுதான் நாங்கள் கண்ட கறுப்புத் துகள்.

இம்மூன்றும் உள்ளே நடக்கின்றன. வெளியே சில தடயங்கள் தென்படலாம்: பக்கச்சுவரைச் சுற்றி ஒரு மடிப்புக்கோடு, தேய்மானம், நிறமாற்றம், காற்றடித்தபின் ஒரு புடைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் டயரை ஒதுக்கிவிடலாம். ஆனால் இவை எதுவும் இல்லை என்பது டயர் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. சோப்புத் தண்ணீர்ச் சோதனைக்கும் இதே வரம்பு உண்டு. ஓட்டை அடைபட்டதா என்ற கேள்விக்கு அது நேர்மையான விடை தருகிறது. சுவர் நைந்ததா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. தளர்ந்த சுவரும் நின்ற நிலையில் 33 பவுண்டைத் தாங்கிக்கொள்ளும். முழுச் சுமையோடு, மணிக்கு நூறு கிலோமீட்டரில், தருமபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் தாங்குமா என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே நம் சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ‘பஞ்சர்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நிகழ்வுகளை அடக்கிவிட்டோம். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் காற்றில்லை. நகர்த்தாமலே சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தோம் என்றால் அது வெறும் ஓட்டை. தரைதொடும் பகுதியில், சிறிய அளவில் இருந்தால் சரிசெய்துவிடலாம். ஓடும்போது காற்றிறங்கி, அதன் மேலேயே ஓட்டிவந்தோம் என்றால் அது ஓட்டையும் சிதைவும். கடையில் இரண்டும் ‘பஞ்சர்’தான், இரண்டுக்கும் ஒரே திரி, ஒரே கூலி. “எவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தீங்க?” என்று எந்தக் கடையிலும் என்னை இதுவரை கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.

எவ்வளவு தூரம் ஓடினால் கெடும் என்று ஓர் எண்ணைக் கேட்பவர்கள் உண்டு. அப்படி ஓர் எண் கிடையாது. வேகம், சுமை, சாலையின் சூடு, எஞ்சியிருந்த அழுத்தம், சுவரின் உயரம் என எல்லாம் சேர்ந்து முடிவாகும் ஒன்று அது. சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நடைவேகத்தில் நகர்ந்தது வேறு. “அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்” என்று ஓட்டியது வேறு. எண் இல்லாத இடத்தில் பார்வைதான் அளவுகோல். இது என் சொந்தக் கருத்தன்று. அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கத்தின் பழுதுபார்ப்பு நெறிகள், எந்தப் பஞ்சராக இருந்தாலும் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்த்தபின்பே சரிசெய்ய வேண்டும் என்கின்றன. வெளியிலிருந்து செருகும் திரியை மட்டும் அவை முறையான பழுதுபார்ப்பாக ஏற்பதில்லை. துளையை நிரப்பும் தண்டும் உட்புறத்தை மூடும் ஒட்டும் இரண்டும் வேண்டும். நம் கடைகளில் ‘மஷ்ரூம்’ என்று கேட்டால் கிடைப்பது இந்த வகைதான். அதற்காகவாவது டயரைக் கழற்றத்தான் வேண்டும்.

லாரி டயர்களில் இது பழுதுபார்ப்பவரின் உயிர்ப் பிரச்சினையும் ஆகும். பக்கச்சுவரில் எஃகு இழைகள் கொண்ட டயர் குறைந்த காற்றில் ஓடியிருந்தால், இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். மறுபடி காற்றடிக்கும்போது சுவர், ஜிப் திறப்பதுபோல ஒரே கோட்டில் கிழிந்து வெடிக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் பெரிய வாகன டயர்களுக்குக் காற்றடிக்கக் கம்பிக் கூண்டு போன்ற தடுப்பைக் கட்டாயமாக்கின. துண்டு ரிம் கொண்ட சக்கரங்களில், பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்குமேல் காற்று இருந்தால் மட்டுமே வண்டியில் இருந்தபடியே காற்றடிக்க அவை இடமளிக்கின்றன. நம் நெடுஞ்சாலை ஓரங்களில் பதின்ம வயதுப் பையன் ஒருவன் லாரி டயரின் மேல் குனிந்தபடி காற்றடிப்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்?

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியது. இழைகள் வெளியே தெரிந்தாலோ, தரைதொடும் பகுதியோ பக்கச்சுவரோ பிரியும் அறிகுறி இருந்தாலோ அந்த டயர் நல்ல நிலையில் இல்லை என்கிறது. கார்களுக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் வரையறுக்கிறது. நல்ல விதி, ஆனால் நடைமுறையில் அது வெளித்தோற்றத்தின் விதி. சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் எவரும் டயரின் உட்புறத்தைப் பார்க்க முடியாது.

2020 ஜூலையில் அதே விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பழுதுபார்க்கும் பெட்டியும் இருந்தால், 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்பது அதன் சாரம். இடமும் எடையும் மிச்சமாகும் என்பதில் பொருளுண்டு. ஆனால் ஸ்டெப்னி என்பது ஒரு சக்கரம் மட்டுமன்று. முடிவைத் தள்ளிப்போட உதவும் அவகாசமும் ஆகும். அது இருந்தால் ஐயத்துக்குரிய டயரை டிக்கியில் போட்டுக்கொண்டு, ஊர் சேர்ந்தபின் ஆற அமரக் கழற்றிப் பார்க்கலாம். இல்லாதபோது ஐயத்தின் மேலேயே பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. பெட்டியிலுள்ள திரவமோ ஓட்டையை அடைப்பதோடு உட்சுவரிலும் படிந்து, துகள்களையும் தேய்வையும் மறைத்துவிடும். விளக்கு எரிந்த உடனே நிறுத்தினால்தான் கண்காணிப்பு அமைப்பு டயரைக் காக்கும்; நிறுத்த இடமில்லாத மேம்பாலங்களை ஒருபுறம் கட்டிக்கொண்டே ஸ்டெப்னியை நீக்கியதில் உள்ள முரணை யாரும் பேசக் காணோம்.

உள்ளே தொடங்கும் சிதைவு வெளியே தெரியாமல் வளரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம், 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற நிகழ்வு. தரைதொடும் பகுதி பிரிந்து, ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகள் பல உருண்டன. குற்றம் டயருடையதா, வண்டியுடையதா, பரிந்துரைத்த குறைந்த காற்றழுத்தத்துடையதா என்று இரு நிறுவனங்களும் வழக்காடின. அந்தச் சர்ச்சையின் விளைவாக அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம்தான், பின்னாளில் அமெரிக்காவின் புதிய கார்கள் அனைத்திலும் அழுத்த எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்கியது. காற்று குறைந்து ஓடும் டயர் அங்கே பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கருதப்பட்டது. இங்கே அது இன்னும் வாகன உரிமையாளரின் தலைவிதி.

இனி, நியாயமான ஒரு மறுப்புக்கு வருகிறேன். வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்கு ஒரு டயர் என்பது சில நாள் வருமானம். “ஐயம் என்றால் தூக்கி எறி” என்று ஆய்வு உதவித்தொகை வாங்கும் நான் சொல்வது எளிது. அத்துடன் இந்த நகரத்தில் அவநம்பிக்கைக்கும் காரணம் உண்டு. வெளிவட்டச் சாலையில் கொட்டிக்கிடந்த ஆணிகளை, வேலைக்குப் போகும் வழியில் காந்தத்தால் பொறுக்கிச் சேர்த்த பொறியாளர் ஒருவரைப் பற்றி நாளிதழ்கள் எழுதின. அவை தாமாக விழுந்தவையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ‘டயர் போச்சு, புதுசு போடுங்க’ என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அதில் விற்பனையின் குரலும் கலந்திருக்குமோ என்று ஐயுறுவது இயல்பே.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. பஞ்சர் ஒட்டுபவருக்கு ‘ஆகாது’ என்று சொல்வது எளிது. புது டயர் விற்பவருக்கு ‘போச்சு’ என்று சொல்வது இலாபம். இருவரின் சொல்லையும் நம்பத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது: கழற்றி, விளக்கு வெளிச்சத்தில், உரிமையாளரின் கண்முன்னே காட்டுவது. அதற்கு ஆகும் செலவு புது டயரின் விலையில் மிகச் சிறிய பங்கு. உள்ளே துகள் இல்லை, சுருக்கமில்லை, உறை வழவழப்பாக இருக்கிறது, இழை தெரியவில்லை என்றால், தேர்ந்தவர் ஒருவர் பார்த்து ஒப்பிய அந்த டயருக்கு உள்ளிருந்து ஒட்டுப்போட்டு மறுபடி ஓட்டலாம். ஆக, கழற்றிப் பார்ப்பது ஏழையின் டயரைப் பறிக்கும் வழியன்று. வீணாக எறியப்படும் டயரைக் காக்கும் வழியும் அதுவே. பார்க்காத வரை மட்டும், காற்றிறங்கி ஓடிய டயரைக் கெட்டது என்றே கொள்ள வேண்டும். இரண்டு பிழைகளும் சமமானவை அல்ல என்பதை ஆய்வு முறையியல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்ல டயரைக் கெட்டது என்று நினைத்தால் பணம் போகும்; கெட்டதை நல்லது என்று நினைத்தால் பின்னிருக்கையில் இருப்பவரும் போகலாம்.

நம் துறைகளிலிருந்தே தொடங்கலாம். களப்பணிக்கு வாடகை வண்டி எடுக்கும்போது கட்டணம், கிலோமீட்டர், ரசீது எல்லாம் கேட்கிறோம். வழியில் காற்றிறங்கினால் நிறுத்துவது, ஓடியிருந்தால் கழற்றிப் பார்ப்பது, அந்தச் செலவையும் தாமதத்தையும் துறையே ஏற்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதில் என்ன தடை? தாமதமானால் கூலி குறையும் என்ற அச்சம் இருக்கும் வரை எந்த ஓட்டுநரும் ‘ஆகல்ல’ என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை. நம் அவசரத்தை நமக்கே திருப்பிச் சொல்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். அன்று பத்து மணிக்கு டயர் கடை திறக்கும் வரை காத்திருந்து புது டயர் போட்டுக்கொண்டு, மாலையில் சேலம் சேர்ந்தோம். என்னிடம் பேச ஒப்புக்கொண்டிருந்த பெரியவர் அன்றைய வேலையை விட்டுக் காத்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் புறப்படும்போது, “பழசு இங்கயே இருக்கட்டுமா சார்?” என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார். அண்ணன் தலையசைத்தார், நானும் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளம் நன்றாக இருந்த டயர் அது. ஓட்டையும் அடைபட்டிருந்தது. வெளியே ஒரு மங்கலான கோடு மட்டும். துடைத்து, கறுப்பு மெருகு பூசி, பழைய டயர் வரிசையில் நிறுத்தினால் யாரும் வாங்கிச் செல்வார்கள். அதன் பக்கச்சுவரில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அரை நிமிட வேலை. எங்கள் மூவரைக் காத்துக்கொண்ட நிம்மதியில் அது எனக்குத் தோன்றவே இல்லை. கிருஷ்ணகிரி தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்போதும் நாங்கள் வண்டியைத் திருப்பவில்லை.

அந்த டயர் இன்று யாருடைய வண்டியில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் டயர் ஒன்றை ஒதுக்க நேர்ந்தால், கடையை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் கீறலைப் போட்டுவிடுங்கள்.